மானிடவியலாரின் குறிப்பேட்டில் நம் தோட்டத்து மக்கள்



கோலா தெர்லாவில் மழை விட்டிருந்த ஒரு மாலைப் பொழுதில், என் மாணவன் ஒருவனின் கொள்ளுப்பாட்டியைக் காணச் சென்றிருந்தேன். ஐந்தாம் ஆண்டு மாணவர்களைத் தத்தம் குடும்ப மரத்தை வரைந்து வரும்படி பணித்திருந்தேன். அம்மாணவன் கொண்டுவந்த தாளில் மூன்றே பெயர்கள்தாம் இருந்தன. ‘பாட்டி சொல்ல மாட்டேங்கிறாங்க சார்’ என்றான். காரணத்தை அறிய நானே சென்றேன்.

தேநீர் கொடுத்து உபசரித்த அந்த மூதாட்டி, என் கையிலிருந்த குறிப்பேட்டைப் பார்த்ததும் முகம் மாறினார்.

“இப்படித்தான் வாத்தியாரே, முன்ன ஒரு பையன் யூனிவர்சிட்டியில இருந்து வந்தான். நல்ல பையன்தான். மூனு நாளு உக்காந்து எல்லாத்தையும் கேட்டு எழுதினான். எங்க மாமனாரு கப்பல் சீட்டு, அவரு நிக்கிற ஒரே போட்டோ, எல்லாத்தையும் காப்பி எடுத்துட்டுக் குடுக்கறேன்னு வாங்கிட்டுப் போனான். போனவன் போனவன்தான். நீங்களும் எழுதிக்கிட்டுப் போகத்தான் வந்தீங்களா?”

எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அந்த இளைஞர் எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை என்பது பாட்டிக்கு நினைவில்லை. நினைவிருப்பது ஒன்றே: வீட்டிலிருந்த ஒரே நிழற்படம் திரும்பி வரவில்லை.

அன்றிரவு நெடுநேரம் இதையே எண்ணிக் கொண்டிருந்தேன். நம் மக்களைத் தேடி வந்து, கேட்டு, எழுதிச் சென்றவர்கள் யார்? அவர்களால் நமக்குக் கிடைத்தது என்ன? இழந்தது என்ன? மானிடவியல் என்னும் துறையின் வரலாற்றை நம் மலையிலிருந்தே பார்த்தால் என்ன தெரிகின்றது? இக்கட்டுரை அவ்வினாக்களுக்கு விடை தேடும் சிறு முயற்சியாகும்.

அளந்த காலமும் கேட்ட காலமும்

மனிதன் எவ்வாறு வாழ்கின்றான், யாரை உறவு என்கின்றான், எதை நம்புகின்றான், எவ்வாறு உழைக்கின்றான் என்பவற்றை அவனோடு தங்கியிருந்து அறிய முயலும் துறையே மானிடவியல். ஆனால் அத்துறை தொடக்கத்தில் இப்படி இருக்கவில்லை.

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கருவிகளைக் கொண்டு தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். கா. ரங்காச்சாரியின் துணையுடன் அவர் எழுதிய தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகள் 1909-ஆம் ஆண்டு வெளிவந்தன. அவற்றில் இன்றும் பயன்படும் செய்திகள் பல உள்ளன. ஆயினும், மூக்கின் அகலத்தைக் கொண்டு மனிதரை வகைப்படுத்தலாம் என்ற எண்ணத்தை அறிவியல் உலகம் பின்னாளில் கைவிட்டுவிட்டது.

அதே காலத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ரிவர்ஸ் என்னும் அறிஞர் வேறொரு வழியைக் கைக்கொண்டார். 1901, 1902-ஆம் ஆண்டுகளில் நீலகிரியில் தோடர்களிடையே ஆய்வு செய்த அவர், அளவுக் கருவியைவிட வினாக்களையே பெரிதும் நம்பினார். ‘உன் தந்தை யார்? தாய் யார்? அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் யார்? அப்பிள்ளைகள் யாரை மணந்தனர்?’ என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வமிசாவளிகளைத் திரட்டினார். தோடர்களைப் பற்றிய அவருடைய நூல் 1906-இல் வந்தது. இவ்வழிமுறை இன்றளவும் உலகெங்கும் மானிடவியல் மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றது.

தமிழ் வழங்கும் மாநிலத்தின் மலை ஒன்றில் இவ்வழிமுறை பயன்பட்டது என்பது நமக்குச் சிறு மகிழ்ச்சியே. நம் பள்ளிகளில் நாம் வரையச் சொல்லும் குடும்ப மரமும் ஏறத்தாழ இதுவேயன்றோ?

‘மாமா’ என்ற சொல் செய்த வேலை

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இங்கே உள்ளது.

அமெரிக்க அறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன், நியூயார்க் பகுதியில் வாழும் செனெக்கா என்ற பூர்வகுடி மக்களின் உறவுச் சொற்களை ஆராய்ந்து வந்தார். அவர்கள் தந்தையின் உடன்பிறந்தவரையும் தந்தை முறையாகவே அழைத்தனர். தாயின் உடன்பிறந்தவரை மட்டும் வேறு சொல்லால் அழைத்தனர். பின்னர், தென்னிந்தியாவில் பணியாற்றிய அமெரிக்கப் பாதிரிமார் வழியாகத் தமிழரின் உறவுச் சொற்பட்டியல் அவர் கைக்குக் கிடைத்தது. அதைக் கண்டு மார்கன் வியந்து போனார். கடல்களுக்கு அப்பாலுள்ள தமிழரும் அவ்வாறே அழைக்கின்றனரே! தந்தையின் அண்ணன் பெரியப்பா, தம்பி சித்தப்பா. தாயின் உடன்பிறந்தவர் மாமா.

1871-இல் வெளிவந்த மார்கனின் பெருநூல் இவ்வொற்றுமைக்குச் சிறப்பிடம் அளித்தது. இதைக் கொண்டு அமெரிக்கப் பூர்வகுடிகள் ஆசியாவிலிருந்து சென்றவர்கள் என்று மெய்ப்பிக்கலாம் என அவர் எண்ணினார். அந்த முடிவுக்கு உறவுச் சொற்கள் சான்றாகா எனப் பின்வந்தோர் தள்ளிவிட்டனர். ஆனால் உறவுமுறை ஆய்வு என்னும் பெரும்பிரிவு அந்நூலிலிருந்தே தொடங்கியது. ‘திராவிட உறவுமுறை’ என்பது இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் ஒரு பாடம்.

இதை என் மாணவர்களிடம் கூறிவிட்டு, ‘உங்கள் அப்பாவின் தம்பியை எப்படி அழைப்பீர்கள்?’ என்று கேட்டேன். ‘அங்கிள்’ என்றனர் பாதிப் பேர். ‘அம்மாவின் தம்பியை?’ அதற்கும் ‘அங்கிள்’. அத்தையின் கணவரும் அங்கிள், சித்தியின் கணவரும் அங்கிள். தமிழ் இந்நால்வரையும் இரண்டு பக்கமாகப் பிரித்து வைத்திருக்கின்றது: சித்தியின் கணவர் சித்தப்பா, அத்தையின் கணவர் மாமா. யாருடைய பிள்ளைகள் நமக்கு அண்ணன் தங்கை, யாருடைய பிள்ளைகள் மைத்துனர் மைத்துனி என்னும் கணக்கு முழுவதும் அச்சொற்களுக்குள் அடங்கியுள்ளது. மார்கனை வியக்க வைத்த அறிவு நம் வீட்டுக் கூடத்தில் ஒரே சொல்லால் அழிந்து கொண்டிருக்கின்றது.

நம் மலைக்கு வந்த ஆய்வாளர்கள்

கேமரன் மலை மானிடவியலாருக்குப் புதிய இடமன்று. ஆனால் அவர்கள் வந்தது நம்மைத் தேடியன்று. நமக்கு முன்பே இங்கு வாழும் பூர்வகுடி மக்களாகிய செமாய், தெமியார் மக்களைத் தேடி.

கேம்பிரிட்ஜில் பயின்ற பேட் நூன், 1930-களில் தைப்பிங்கிலுள்ள பேராக் அருங்காட்சியகத்தில் பணியாற்றியபடியே மலைத்தொடரின் காடுகளில் தெமியார் மக்களோடு வாழ்ந்தார். அவர்களுள் ஒருத்தியை மணந்தார். 1936-இல் அவர் எழுதிய அறிக்கை, அம்மக்களின் நிலத்தையும் நலத்தையும் காக்க வேண்டுமென்று அரசுக்குப் பரிந்துரைத்தது. சப்பானியர் ஆட்சிக் காலத்தில் காட்டிற்குள் மறைந்து வாழ்ந்த அவர், 1943-இல் அங்கேயே கொல்லப்பட்டார்.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மாணவராக வந்தவர் ராபர்ட் டென்டன். தம் மனைவியுடன் பகாங்கிலும் பேராக்கிலும் செமாய் மக்களோடு தங்கினார். 1968-இல் அவர் வெளியிட்ட நூல், வன்முறையை வெறுக்கும் மக்களாகச் செமாய் மக்களை உலகிற்கு அறிமுகப்படுத்தியது.

அந்நூலுக்கு நேர்ந்த கதை ஆசிரியர்களாகிய நாம் அறிய வேண்டியது. அவசரகாலத்தில் படையில் சேர்ந்திருந்த செமாய் ஆடவர் சிலர், இரத்தத்தைக் கண்டு ‘மயங்கியதாக’க் கூறியதை டென்டன் ஓரிடத்தில் குறித்திருந்தார். வேறு எழுத்தாளர்கள் அந்தச் சில வரிகளை மட்டும் பிரித்தெடுத்தனர். ‘அமைதியான மனிதனும் வாய்ப்புக் கிடைத்தால் இரத்தவெறி கொள்வான் என்பதற்கு இதுவே சான்று’ என்று எழுதத் தொடங்கினர். 1987-இல் டென்டனும், செமாய் மக்களை ஆராய்ந்த மற்றொருவரான ரோபர்செக்கும் சேர்ந்து அமெரிக்க மானிடவியல் ஏட்டில் மறுப்புக் கட்டுரை எழுத வேண்டியதாயிற்று. செமாய் மொழியில் அச்சொல் குறிப்பது குமட்டலையும் தலைச்சுற்றலையும்தான், கொலைவெறியை அன்று என்று விளக்கினர். நூல் வந்து பத்தொன்பது ஆண்டுகள் கழித்து!

ஒரு சொல்லைச் சரியாகப் பொருள் கொள்ளாவிட்டால் ஓர் இனத்தின் பெயருக்கே களங்கம் வரும். மொழி கற்பிப்போர்க்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.

பெயர் மாற்றப்பட்ட தோட்டம்

டென்டன் காட்டில் இருந்த அதே காலத்தில், கீழேயுள்ள பால்மரத் தோட்டம் ஒன்றில் மற்றோர் ஆய்வாளர் இருந்தார். அவர் ரவீந்திர ஜெயின். இந்தியாவைச் சேர்ந்த அவர், கான்பராவிலுள்ள ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் மானிடவியல், சமூகவியல் துறையில் முனைவர் பட்டத்திற்காகப் பயின்றவர். 1962, 1963-ஆம் ஆண்டுகளில் தமிழ்த் தொழிலாளர்களிடையே தங்கி ஆய்வு செய்தார். அதன் பயனாக 1970-இல் அவருடைய நூல் யேல் பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. பின்னாளில் தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார்.

துரை, கிராணி, கங்காணி, தொழிலாளி என்று படிப்படியாக அமைந்த தோட்டத்து அதிகாரம், உறவும் திருமணமும், பழைய கங்காணியின் செல்வாக்குக் குறைந்து தொழிற்சங்கத் தலைமை தோன்றியமை ஆகியவற்றை அந்நூல் விரிவாகக் காட்டுகின்றது. தோட்டம் என்பது வேலை செய்யும் இடம் மட்டுமன்று. உறைவிடம், கோவில், கடை, பள்ளி ஆகிய அனைத்தும் ஒரே வேலிக்குள் அடங்கிய தனியுலகம் என்பதை அதைப் படிப்போர் உணர்வர்.

அத்தோட்டத்தின் பெயர் ‘பால் மெலாயு’. ஆனால் அது உண்மைப் பெயரன்று. ஆய்வாளர் சூட்டிய புனைபெயர். தம்மிடம் மனம் திறந்து பேசியவர்களுக்குத் தீங்கு நேரக்கூடாது என்பதற்காக மானிடவியலார் ஊரின் பெயரையும் ஆளின் பெயரையும் மாற்றுவது வழக்கம். துரையைப் பற்றிக் குறை சொன்ன தொழிலாளியின் பெயர் அச்சில் வந்தால் அவன் வேலை என்னாவது? ஆகவே இது நன்னோக்கமே.

ஆனால் மறுபக்கம் ஒன்றுண்டு. அந்நூலில் வரும் மனிதர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதைக் கையில் எடுத்தாலும், ‘இவர் என் தாத்தா’ என்று சுட்டிக்காட்ட இயலாது. தாத்தாவின் வாழ்க்கை நூலகத்தில் இருக்கின்றது, பெயர் இல்லை. காப்பதற்காக மறைத்த பெயர், தலைமுறை கடந்ததும் காணாமற் போகின்றது.

உள்நாட்டிலும் இத்துறை வளர்ந்தது. 1970-களின் தொடக்கத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்திலும், 1970-இல் தோன்றிய மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும் மானிடவியல், சமூகவியல் துறைகள் இயங்கத் தொடங்கின. மே 13 கலவரத்திற்குப் பின், இந்நாட்டு இனங்கள் ஒன்றையொன்று அறிய வேண்டும் என்ற கவலை மிகுந்திருந்த காலம் அது. பின்னர், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மானிடவியல் துறையைச் சேர்ந்த ஆண்ட்ரூ வில்ஃபோர்ட், தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறியபோது வெளியேற்றப்பட்ட தமிழர்களின் மனநிலையையும் உடைக்கப்பட்ட கோவில்களின் கதையையும் 2014-இல் வெளிவந்த நூலில் எழுதினார்.

தேயிலைக் குன்றின் புதிர்

மேற்கூறிய நூல்கள் பெரும்பாலும் பால்மரத் தோட்டங்களையே பேசுகின்றன. தேயிலைத் தோட்டத்து வரலாறோ சற்று வேறுபட்டது. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பாருங்கள்.

1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை 1931-இல் திறக்கப்பட்டது. 1938-இல் இந்திய அரசு, உதவி பெற்று மலாயாவுக்குச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. கங்காணி முறை முடிவுக்கு வந்தது. ஆக, மலையில் தேயிலை நட்டதற்கும் ஆள் வரவு நின்றதற்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள்தாம். அவற்றிலும் 1930 முதல் 1932 வரை உலகப் பொருளாதார மந்தத்தால் பல்லாயிரக்கணக்கான தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட காலம்.

அப்படியாயின், நம் மலைக்கு வந்தவர்கள் அனைவரும் நேரே கப்பலிலிருந்து வந்தவர்களா? கீழ்நாட்டுப் பால்மரத் தோட்டங்களிலிருந்து ஏறி வந்தவர்கள் எத்தனைக் குடும்பம்? போருக்குப் பின் வந்தவர்கள் யார்? ஒவ்வொரு குடும்பத்தின் பாதையும் ஒவ்வொரு விதமாக இருக்க வேண்டும். பொதுவான வரலாற்று நூல் இதற்கு விடை தராது. ரிவர்ஸ் கேட்டதுபோல் வீடு வீடாகக் கேட்டால்தான் தெரியும். கேட்பதற்கு உரியவர்களோ எண்பதையும் தொண்ணூறையும் கடந்தவர்கள்.

இன்று கோலா தெர்லாவைச் சுற்றிப் பார்த்தால் காய்கறித் தோட்டங்களின் நெகிழிக் கூரைகளே கண்ணில் படுகின்றன. தேயிலைத் தோட்டங்களில் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் உழைக்கின்றனர். நம் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சென்றுவிட்டனர். பிரட்டுக்களம் எங்கிருந்தது என்று காட்டக்கூடியவர்கள் சிலரே எஞ்சியுள்ளனர்.

வகுப்பறையில் செய்து பார்த்தது

அன்றைய சந்திப்பிற்குப் பின் என் வகுப்பில் குடும்ப மரப் பணியை மாற்றியமைத்தேன். ரிவர்ஸ் தம் வினாக்களில் தந்தை, தாய், பிள்ளை, கணவன், மனைவி ஆகிய சில சொற்களை மட்டுமே பயன்படுத்தினார். அதையே மாணவர்க்கும் கற்பித்தேன். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்திற்கு இரட்டைக் கோடு. ஒவ்வொரு பெயருக்குக் கீழும் பிறந்த இடம். தெரியாவிடில் அக்குறியை வெறுமையாக விட வேண்டும்; கற்பனை செய்து நிரப்பக் கூடாது.

இரண்டு வாரங்களில் வந்த தாள்களைக் கண்டு நான் வாயடைத்துப் போனேன். மூன்று தாள்களில் ஒரே இடத்தில் கோடு நின்றிருந்தது. கொள்ளுத்தாத்தாவின் தம்பி, பாட்டனின் மைத்துனர், இன்னொரு வீட்டில் இரண்டு சகோதரர்கள். கீழே மாணவர்கள் எழுதியிருந்தது ஒன்றே: ‘சயாமுக்குப் போனார். வரவில்லை.’ சயாம் மரண இரயில்பாதையைப் பற்றி நான் வகுப்பில் அதுவரை ஒரு சொல்லும் கூறியிருக்கவில்லை. பிள்ளைகள் வரைந்த வெறுமையான முக்கோணங்களே எனக்குப் பாடம் நடத்தின.

மீண்டும் அந்த வீட்டில்

எழுதிய தாள்களை ஒவ்வொரு வீட்டிற்கும் எடுத்துச் சென்று படித்துக் காட்டும்படி சொன்னேன். பாட்டியின் வீட்டிற்கு நானும் சென்றேன். அவரிடம் எதையும் வாங்கவில்லை. பேரன் மூன்று பெயர்களை வாசித்தான். பாட்டி சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “எங்க மாமனாருக்கு அக்கா ஒருத்தி உண்டுடா, அவ பேரை விட்டுட்டியே” என்றார். அன்று மாலைக்குள் அத்தாளில் பதினேழு பெயர்கள் ஏறின. தொலைந்த நிழற்படம் திரும்பவில்லை. ஆனால் அப்படத்தில் இருந்தவர் என்ன உடுத்தியிருந்தார், எந்தக் கையை இடுப்பில் வைத்திருந்தார் என்பதைப் பாட்டி சொல்ல, பேரன் படமாக வரைந்து கொடுத்தான். அது இப்போது சாமி மாடத்தின் பக்கத்தில் ஒட்டப்பட்டுள்ளது.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் என் வேண்டுகோள்கள் இவை:

1. முதியவர்களிடம் கேட்குமுன் எதற்காகக் கேட்கின்றோம் என்று சொல்லுங்கள். விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள்.

2. பழைய பத்திரம், நிழற்படம், அடையாள அட்டை எதையும் வீட்டை விட்டு வெளியே கொண்டு செல்லாதீர்கள். கைப்பேசியில் அங்கேயே படமெடுத்தால் போதும். ஆய்வாளர் எவர் கேட்டாலும் இதையே சொல்லுங்கள்.

3. முதியவர் சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே எழுதுங்கள். பொருள் விளங்காவிட்டால் அவரிடமே கேளுங்கள். ‘இரத்த மயக்கம்’ பட்ட பாட்டை மறவாதீர்கள்.

4. எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். ஒரு படியை அவர் வீட்டிலேயே வையுங்கள்.

5. வீட்டில் பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை என்ற சொற்களைப் புழங்க விடுங்கள்.

பல்கலைக்கழகத் துறைகள் மேல் எனக்குப் பகையில்லை. அவர்கள் வந்து எழுதியிராவிட்டால் பால்மரத் தோட்டத்து வாழ்வின் பெரும்பகுதி பதிவின்றிப் போயிருக்கும். ஆனால் அவர்கள் ஓராண்டோ ஈராண்டோ தங்கிச் செல்பவர்கள். நாமோ இங்கேயே இருப்பவர்கள். அவர்கள் மறைக்க வேண்டிய பெயர்களை நாம் உரிமையோடு எழுதி வைக்கலாம். அவை நம் வீட்டுப் பெயர்கள். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. அவ்வாறு தோன்றிய பள்ளிகளின் வழிவந்த நாம், அப்பிள்ளைகள் யார் யார் என்பதையாவது எழுதி வைக்க வேண்டாமா?

அடுத்த பள்ளி விடுமுறையில் உங்கள் வீட்டு மூத்தவரின் அருகில் ஒரு மாலைப்பொழுது அமருங்கள். ஒரு தாளும் ஒரு பென்சிலும் போதும்.